வெளியூர்

கன்னத்தின் உட்புறத்தில் வரும் புற்றுநோய்க்கு அப்போதைய சர்வதேச நோய்ப் பட்டியலில் 145.0 என்று எண். நாக்குக்கு 141, மார்பகத்துக்கு 174, கருப்பை வாய்க்கு 180. சென்னைப் புற்றுநோய்ப் பதிவகத்தில் வேலைக்குச் சேர்ந்த சில வாரங்களிலேயே இவையெல்லாம் எனக்கு மனப்பாடம். பெயர், வயது, முகவரி, நோய் தொடங்கிய உறுப்பு, அது எந்தப் பரிசோதனையால் உறுதியானது என்று படிவத்தில் நிரப்ப நிறைய இருக்கும். அதில் முகவரி என்ற ஒரு கட்டம் மட்டும் மற்ற எல்லாவற்றையும் செல்லாமல் ஆக்கிவிடும். மாநகர எல்லைக்குள் குறைந்தது ஓராண்டாவது குடியிருந்தவர்தான் எங்கள் கணக்கில் வருவார். சிகிச்சைக்காக வந்து தங்கியிருப்பவர் படிவத்தின் மேல் 'வெளியூர்' என்று எழுதித் தனிக்கட்டில் சேர்த்துவிடுவோம்.

என் ஊர்க்காரர்களை அந்தக் கட்டில்தான் பார்த்தேன். ஆத்தூர், முக்காணி, சேர்ந்தபூமங்கலம், ஆறுமுகநேரி. முதலில் வந்தவற்றில் திருநெல்வேலி மாவட்டம் என்றிருக்கும். 1986 அக்டோபரில் மாவட்டம் பிரிந்த பிறகு சிதம்பரனார் மாவட்டம் என்று வந்தது. உறுப்பு எண்ணைப் பார்த்தால் அடிக்கடி 145.0. பெயரைப் படிக்கும்போது முகம் தெரியாது, ஆனால் தெரு தெரியும்.

அந்த விதியில் பிழையில்லை. பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் இன்றும் அதற்காக வாதாடுவேன். ஒரு லட்சம் பேரில் ஆண்டுக்கு எத்தனை பேருக்குப் புற்றுநோய் வருகிறது என்பதுதான் பதிவகம் கேட்கும் கேள்வி. மேலே நோயாளிகளின் எண்ணிக்கை, கீழே மக்கள்தொகை. கீழே சென்னை மக்களை வைத்துவிட்டு மேலே தமிழ்நாடு முழுவதும் இருந்து வந்தவர்களைப் போட்டால் கணக்கு பொய்யாகும். ஆத்தூர்க்காரரை ஆத்தூர் மக்கள்தொகையின் மேல் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் தூத்துக்குடிப் பக்கம் அப்போது பதிவகமே இல்லை. மருத்துவமனையின் சொந்தக் கணக்கில் அவர் ஒரு நோயாளியாக இருப்பார். எங்கள் கரையில் இந்த நோய் எவ்வளவு என்று யாராவது கேட்டால், பதிலில் அவர் இருக்க மாட்டார். நான் இந்தத் தொழிலை விடாமல் பற்றிக்கொண்டதற்குக் காரணம் அந்தத் தனிக்கட்டுதான்.

ஆத்தூர் வெற்றிலை ஊர். தாமிரபரணி புன்னக்காயலில் கடலைச் சேருமுன் கடைசியாக நனைத்துப் போகிற வயல்களில் எங்கள் வயலும் ஒன்று. அகத்தியை முதலில் விதைத்து, அது ஆள் உயரம் வந்ததும் கொடியைப் பதித்து, ஏற ஏற வாழைநாரால் கட்டிக்கொண்டே போவார்கள். கொடிக்காலுக்குள் வெயில் துண்டு துண்டாகத்தான் விழும். எப்போதும் ஈரம், எப்போதும் அந்தக் காரவாசனை. அப்பா அதிகாலையிலேயே கொடிக்காலுக்குப் போய்விடுவார். பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து இலையைத் தரம் பிரித்துக் கவுளி கவுளியாக அடுக்குவார்கள். நூறு இலை ஒரு கவுளி. எண்ணுவதை நான் பள்ளிக்கூடத்தில் கற்கவில்லை, அங்கே கற்றேன்.

அடுக்கும் பெண்கள் வாயில் எப்போதும் வெற்றிலை இருக்கும். ஆச்சியின் பெட்டியில் பாக்குவெட்டி, சுண்ணாம்பு டப்பி, தாளில் மடித்த புகையிலை. காம்பைக் கிள்ளி, நரம்பை உரித்து, சுண்ணாம்பு தடவி, பாக்கை வைத்து, கடைசியாகப் புகையிலைத் துணுக்கைத் தனியே வாய்க்குள் போட்டு இடது பக்கம் ஒதுக்கிக்கொள்வாள். ராத்திரி படுக்கும்போதும் ஒரு துண்டு கன்னத்தில் இருக்கும். கேட்டால், "பல்லுக்கு நல்லதுட்டி" என்பாள்.

அவள் தங்கைக்கு, எங்கள் சின்ன ஆச்சிக்கு, கன்னத்துக்குள் ஒரு வெள்ளைத் திட்டு வந்து வருஷக்கணக்கில் இருந்தது. பிறகு அது புண்ணானது. வாய் திறப்பது குறைந்துகொண்டே வந்தது. கடைசி மாதங்களில் கஞ்சித்தண்ணியைக் கெண்டியின் மூக்கால் ஊற்ற வேண்டியிருந்தது. நாற்றத்துக்குப் பயந்து பிள்ளைகளை அந்த அறைக்குள் விடவில்லை. 'பல்லுப்புண்ணு' என்றுதான் வீட்டில் சொன்னார்கள். 'புத்து' என்று அக்கம்பக்கத்தில் காதோடு பேசிக்கொண்டார்கள். அவள் இறந்தபோது மரணப் பதிவில் வயோதிகம் என்று எழுதப்பட்டது. அவளுக்கு அறுபதுகூட ஆகியிருக்கவில்லை.

நான் கல்லூரியில் புள்ளியியல் படித்தேன். 1985இல் சென்னைக்கு வேலைக்கு வந்தேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டத்தின் கீழ் பெங்களூர், பம்பாய், சென்னை மூன்று நகரங்களிலும் மக்கள்தொகைப் பதிவகங்கள் 1982 ஜனவரி முதல் நாள் கணக்கெடுக்கத் தொடங்கியிருந்தன. சென்னையில் அதை அடையாறு புற்றுநோய் நிலையம் நடத்தியது. தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி விடாப்பிடியாக நின்று, 1954இல் 12 படுக்கைகளோடு திறந்த இடம் அது. அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் வி. சாந்தாவும் அதை வளர்த்தார்கள். 2021 ஜனவரியில் இறக்கும்வரை அந்த வளாகமே சாந்தாவின் வீடாக இருந்தது. அவர் வார்டுக்கு நடந்து போவதைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். நான் அவரை அறிந்தது முழுக்க அவருடைய எழுத்தின் வழியாகத்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

புற்றுநோயை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற கட்டாயம் அன்று கிடையாது. நோயாளியின் விவரம் எங்களைத் தேடி வராது, நாங்கள்தான் தேடிப் போக வேண்டும். எங்கள் வேலைக்கு சோஷியல் இன்வெஸ்டிகேட்டர் என்று பெயர். ஜி.எச்., ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், தனியார் மருத்துவமனைகள், நோய்க்கூறு ஆய்வகங்கள், மாநகராட்சியின் மரணப் பதிவேடு என்று அலைவோம். பதிவேட்டு அறைகளில் தூசியும் கரப்பானும் மட்டமான வெளிச்சமும் இருக்கும். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி எழுதி வருவோம்.

எழுதி வந்த பிறகுதான் உண்மையான வேலை. லட்சுமி, 50, வண்ணாரப்பேட்டை. லக்ஷ்மியம்மாள், 55, பழைய வண்ணை. எம். லட்சுமி, 48, கணவர் பெயர் முனுசாமி. இவை மூன்று பேரா, மூன்று மருத்துவமனைக்குப் போன ஒரே பெண்ணா? வயது கேட்டால் நம் மக்கள் ஐந்திலும் பத்திலும்தான் சொல்வார்கள். இனிஷியல் அப்பா பெயருக்கு ஒன்று, புருஷன் பெயருக்கு ஒன்று. கதவு எண் புதிது, பழையது. மூவரும் ஒருவர் என்று கண்டுபிடிக்காவிட்டால் நகரத்தில் நோய் மூன்று மடங்காகத் தெரியும். வேறு வேறு ஆட்களை ஒருவர் என்று சேர்த்துவிட்டால் இரண்டு பெண்கள் காணாமல் போவார்கள். கணினி வந்த பிறகும் கடைசி முடிவைப் படிவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மனிதர்தான் எடுக்க வேண்டியிருந்தது. பார்ப்பவருக்கு இது குமாஸ்தா வேலை. ஆராய்ச்சிக் கட்டுரையில் ஒரு வரியில் முடிந்துபோகும். அந்த ஒரு வரி சரியாக இல்லாவிட்டால் மீதிக் கட்டுரைக்கு மதிப்பில்லை என்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

எங்கள் கணக்கில் எண்பதுகளில் சென்னைப் பெண்களிடம் கருப்பை வாய்ப் புற்றுநோய்தான் முதலிடத்தில் இருந்தது. ஆண்களிடம் இரைப்பை. ஆண்டுகள் போகப் போகக் கருப்பை வாய் இறங்கி, மார்பகம் ஏறி, ஒரு கட்டத்தில் அதை முந்தியது. எந்த ஒரு மருத்துவரும் தன் வார்டில் உட்கார்ந்து இதைப் பார்த்திருக்க முடியாது. ஒரு நகரத்தின் மாற்றம் எங்கள் கைப்பட எழுதிய படிவங்களிலிருந்து எழுந்து வந்ததைப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

சிகிச்சை முடிந்தவர் எப்படி இருக்கிறார் என்று அறிய அஞ்சலட்டை போடுவோம். பதில் வராவிட்டால் நேரில் போவோம். வியாசர்பாடியிலோ சைதாப்பேட்டையிலோ ஒரு சந்துக்குள் விசாரித்துக்கொண்டே போனால், சில வீட்டு வாசலில் நிற்கும்போதே உள்ளே மாலை போட்ட படம் தெரியும். "ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்றோம்மா" என்பதற்கு மேல் பேச்சு எழாது. அவர்கள்தான் உட்காரச் சொல்வார்கள், தண்ணீர் கொடுப்பார்கள். செத்துப்போனவரைத் தேடி ஒரு ஆள் வந்ததே பெரிது என்று அழுத வீடுகள் உண்டு. இவ்வளவு நாள் எங்கே போனீர்கள் என்று கேட்ட வீடுகளும் உண்டு.

பழக்கங்களைக் கேட்பதற்கு ஒரு முறை வேண்டும். "புகையிலை உண்டா?" என்றால் பெண்கள் இல்லை என்பார்கள். பொய் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் எண்ணம் கிடையாது. அவர்கள் கணக்கில் புகையிலை என்பது ஆண்கள் பிடிக்கும் பீடி, சுருட்டு. "வெத்தலை போடுவாங்களா?" என்று தொடங்கி, "கூட என்ன சேர்ப்பாங்க?" என்று போனால், "பன்னீர்ப் புகையிலை கொஞ்சம்" என்று வரும். அதன் பிறகு "எந்தப் பக்கம் ஒதுக்குவாங்க? தூங்கும்போதும் இருக்குமா?" இந்தக் கடைசிக் கேள்விகளை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஆச்சி கன்னம் கண்முன் இருந்தது.

அலுவலக நூலகத்தில் ஒரு நாள் பழைய கட்டுரைகளின் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நெய்யூர் என்ற பெயர் வந்தது. திருச்செந்தூர் போய், உவரி, கூடங்குளம் தாண்டி, நாகர்கோவிலைக் கடந்தால் நெய்யூர். ஆத்தூரிலிருந்து அரை நாள் பஸ் பயணம். அன்று அது தெற்குத் திருவிதாங்கூர். அங்கே லண்டன் மிஷன் மருத்துவமனையில் ஐயன் ஆர் என்று ஓர் அறுவை மருத்துவர் இருந்தார். எவரெஸ்டில் 1922, 1924 பயணங்களில் ஏறிய ஹோவர்ட் சாமர்வெல் வேலை பார்த்ததும் இதே மருத்துவமனைதான். தன்னிடம் வந்த வாய்ப்புற்று நோயாளிகளைக் கொண்டு, வெற்றிலை பாக்கு போடும் பழக்கத்தையும் இந்த நோயையும் சேர்த்து ஆர் ஒரு கட்டுரை எழுதினார். 1933இல் லான்செட் இதழ் அதை வெளியிட்டது. அடக்கிய வெற்றிலை எங்கே தங்குகிறதோ அங்கேதான் புற்று எழுகிறது என்று அவர் கண்டிருந்தார்.

1933. சின்ன ஆச்சி அப்போது சிறுமி. அவள் புகையிலையைத் தொட ஆரம்பித்திருக்கவே மாட்டாள். பக்கத்து நாட்டில் தெரிந்துவிட்ட செய்தி லண்டனுக்குக் கப்பலேறிப் போய் அச்சாகிவிட்டது, எங்கள் திண்ணைக்கு வரவில்லை. அந்த நூலகத்தில் எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

பிறகு வந்தவற்றை ஒன்று விடாமல் படித்தேன். டாடா நினைவு மருத்துவமனையின் சங்வி, ராவ், கானோல்கர் மூவரும் 1955இல் எழுதியது. அதற்குப் பின், 1959இலும் 1963இலும் சாந்தாவும் கிருஷ்ணமூர்த்தியும் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் கேன்சரில் எழுதியவை. நான் அவரை அறிந்தது எழுத்தின் வழியாக என்றேனே, அது இவைதான். வாய்ப்புற்று வந்தவர்களிடமும் வராதவர்களிடமும் பழக்கங்களைக் கேட்டு, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் முறை. மருத்துவமனையை நடத்தவே பணமில்லாமல் நன்கொடைக்கு அலைந்த வருஷங்களில் அவர்கள் இதைச் செய்திருக்கிறார்கள். வந்தவருக்குக் கத்தியும் கதிரும் கொடுப்பதோடு வேலை முடிந்தது என்று நினைக்காமல், இவர் ஏன் வந்தார் என்று கேட்டிருக்கிறார்கள். சாந்தாவைப் பற்றி எழுதுகிறவர்கள் அவருடைய சேவையையும் மகசேசே விருதையும் சொல்கிறார்கள். இந்தக் கட்டுரைகளைச் சொல்வதில்லை. எனக்கு அவர் முதலில் இந்தக் கேள்வியைக் கேட்டவர்.

லியோனில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, புகையிலை சேர்ந்த வெற்றிலைப் பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்று 1985இல் அறிவித்தது. புகையிலை இல்லாமல் போட்டாலும் உண்டாக்கும், வெறும் பாக்கே உண்டாக்கும் என்று 2004இல் சொன்னது. பாக்கில் உள்ள அரிகோலின் வாய்ச்சதையை இறுக்கி நாராக்குகிறது, வாய் திறக்காமல் போவது அதனால்தான். சுண்ணாம்பு சேரும்போது பாக்கின் ரசாயனம் இன்னும் தீவிரமாகிறது. அதே ஆய்வில் வெற்றிலையையும் தனியே பார்த்தார்கள். விலங்குகளிடம் செய்த சோதனைகளில் இலை புற்றுநோயைத் தூண்டவில்லை என்பதற்கே சான்றுகள் இருந்தன. அந்தப் பத்தியை நான் எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை. அப்பாவுக்குத் தொலைபேசியில் அதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எல சுத்தம்னு சொல்லுதாவளா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வீடு போய்க் கேட்கும் முறையின் முழு பலத்தைக் காட்டியவர் சென்னையின் நோய்ப்பரவலியலாளர் வேந்தன் கஜலட்சுமி. ஆக்ஸ்போர்டின் ரிச்சர்ட் பீட்டோவோடு சேர்ந்து, சென்னையிலும் விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களிலும் இறந்த 43,000 ஆண்களின் பழக்கங்களை, உயிரோடிருக்கும் 35,000 ஆண்களின் பழக்கங்களோடு ஒப்பிட்டார். 2003இல் லான்செட்டில் வந்தது. புகைக்கும் ஆண்கள் புற்றுநோயாலும் மாரடைப்பாலும் சாவார்கள் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அதில் வேறொன்றும் காத்திருந்தது: இந்திய ஆண்களின் காசநோய் மரணங்களில் ஏறத்தாழ பாதிக்குப் புகைப்பழக்கம் காரணம். வாய்மொழிப் பிரேதப் பரிசோதனை என்று இந்த முறைக்குப் பெயர். மரணப் பதிவில் வயோதிகம் என்றோ காரணம் இல்லாமலோ இருக்கும் சாவை, வீட்டாரிடம் கேட்டு மீட்டெடுப்பது. எத்தனை நாள் இருமல், உடம்பு மெலிந்ததா, எங்கே கட்டி இருந்தது, எப்போது சாப்பாடு இறங்காமல் போனது. சின்ன ஆச்சியைப் பற்றி எங்களிடம் யாராவது வந்து கேட்டிருந்தால் அம்மா எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லியிருப்பாள்.

திருவனந்தபுரத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ரெங்கசாமி சங்கரநாராயணன் தலைமையில் 13 ஊராட்சிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் 35 வயதுக்கு மேற்பட்டவர்களின் வாயைப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வெறும் கண்ணால் பார்த்தார்கள். டாக்டர்கள் அல்ல, பட்டம் படித்த சாதாரண இளைஞர்கள். 2005இல் முடிவு வந்தபோது, புகையிலையோ மதுவோ பழகியவர்களிடம் வாய்ப்புற்று மரணம் 34 விழுக்காடு குறைந்திருந்தது. கருப்பை வாய்க்கும் இதே போல் திண்டுக்கல் மாவட்டத்தில் அம்பிளிக்கையை மையமாக வைத்துச் செய்தார்கள். கொஞ்சம் அசிட்டிக் அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்ப்பதுதான் சோதனை. மரணம் 35 விழுக்காடு குறைந்ததாக 2007இல் எழுதினார்கள். இரண்டிலும் பெரிய இயந்திரம் எதுவும் கிடையாது.

2012இல் தமிழ்நாடு முழுமைக்கும் புற்றுநோய்ப் பதிவுத் திட்டம் தொடங்கியது. தூத்துக்குடி மாவட்டமும் அதில் வந்தது. நான் ஓய்வுபெறும் தறுவாயில் இருந்தேன். எங்கள் மாவட்டத்துக்கு என்று ஓர் அட்டவணை, கீழே எங்கள் மக்கள்தொகை. மற்றவர்களுக்கு அது மேலும் ஒரு மாவட்டம்.

ஓய்வுக்குப் பிறகு அடிக்கடி ஊருக்குப் போகிறேன். கொடிக்கால் குறைந்துவிட்டது. தண்ணீர் ஒரு காரணம், கூலி ஒரு காரணம். பெட்டிக்கடையில் வெற்றிலைக்கு இருந்த இடத்தைப் பொட்டலங்கள் பிடித்ததையும் நான் பார்த்தேன். பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் தூளாகி வருகின்றன, இலை மட்டும் கிடையாது. அரசு 2013இல் குட்காவைத் தடை செய்த பிறகும் கேட்கிறவர்களுக்குக் கிடைக்கிறது. கெடுதல் செய்யாத ஒன்றைத் தள்ளிவிட்டு மற்றதை எல்லாம் வைத்துக்கொண்டார்கள் என்பதை எங்கள் ஊரில் நின்று பார்க்கும்போது வயிறு எரிகிறது. சின்ன ஆச்சி அறுபதை நெருங்கும்போது அடைந்த நிலையைப் பள்ளிக்கூடத்தை விட்டுச் சில வருஷமே ஆன பையன்களின் வாயில் பார்க்கிறேன். மூன்று விரலைச் செங்குத்தாக வைத்தால் உள்ளே போகவில்லை.

2023இல் ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சமயம் மாமாவின் கொடிக்காலில் நின்றுகொண்டிருந்தேன். அவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, இன்னும் தானே இலை கிள்ளுகிறார். நான் ஊர்ப் பெண்களிடம் வாயைக் காட்டச் சொல்வது அவர் காதுக்குப் போயிருந்தது.

"வெத்தலையக் குத்தஞ்சொல்லவா வந்திருக்க மருமவளே? இப்பத்தான் சர்க்காரே பட்டம் குடுத்திருக்கு."

"வெத்தலைய ஒண்ணுஞ்சொல்லல மாமா. அதுகூடப் போடுதீங்களே, அதத்தான். வாயத் தெறங்க."

சிரித்தார். பிறகு திறந்தார். இடது கன்னத்துக்குள் கடைவாய்ப் பக்கம் ஒரு வெள்ளைத் திட்டு. பஞ்சால் துடைத்தேன், போகவில்லை. சுண்ணாம்பு பட்டிருக்கும் என்றார். சுண்ணாம்பு என்றால் பஞ்சில் வந்திருக்கும் என்றேன். இப்படித் திட்டு உள்ளவர்களில் சிலருக்குத்தான் அது புற்றாக மாறும், யாருக்கு என்று பார்த்துச் சொல்ல முடியாது, புகையிலையை விட்டால் பல திட்டுகள் தானே மறையும் என்பதை எல்லாம் கொடிக்கால் வரப்பில் உட்கார்ந்து சொன்னேன். மறுநாள் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். சிறு துணுக்கை வெட்டியெடுத்துப் பரிசோதித்தார்கள். புற்று இல்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை வந்து காட்டச் சொல்லி அனுப்பினார்கள்.

புகையிலையை விட்டார். பாக்கை விடத்தான் சண்டை. இப்போது இலையில் கொஞ்சம் தேங்காயும் கிராம்பும் வைத்துக்கொள்கிறார், சப்பென்று இருக்கிறது என்று என்னிடம் குறைபட்டுக்கொண்டே.

அடுத்த முறை போனபோது, இலை கிள்ள வந்திருந்த ஆணும் பெண்ணுமாக ஏழெட்டுப் பேரை அகத்தி நிழலில் உட்கார வைத்திருந்தார். கையில் டார்ச் லைட் தயாராக இருந்தது. "மொதல்ல இவளப் பாரு மருமவளே" என்று ஒரு கிழவியை முன்னால் நகர்த்தினார். "கன்னத்துல ஒதுக்காம இவ தூங்குன நாளே கெடையாது."